பணம் போடுமுன் போட வேண்டிய கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்துக்குக் கிரிப்டோ (டிஜிட்டல் நாணய) திட்டம் பெயர்ப் பலகையோடு வருவதில்லை. சித்தப்பா மகன் கொண்டு வருவார், இல்லையென்றால் கோயில் கமிட்டியில் கூடவே இருந்தவர் கொண்டு வருவார். "அக்கா, ஐந்நூறு வெள்ளிதான், தினம் அஞ்சு வெள்ளி வந்துக்கிட்டே இருக்கும், நான் எடுத்துட்டேன் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டுவார். வருகிற நேரத்தையும் கவனியுங்கள். வீட்டில் ஒருவருக்கு 55 வயது நிறைந்து ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரும் மாதமாக இருக்கும், அல்லது தோட்டம் கைமாறி நட்ட ஈடு கிடைத்த மாதமாக இருக்கும்.

கொண்டு வருபவர் பல நேரம் ஏமாற்றுக்காரர் இல்லை. அவரும் பணம் போட்டுவிட்டு நம்பிக்கொண்டிருப்பவர்தான். அதனால் ஆளை எடை போட்டுப் பயனில்லை, திட்டத்தைத்தான் எடை போட வேண்டும். ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், இணையம் உள்ள கைப்பேசி இருந்தால் போதும். அரை மணி நேர வேலை.

முதலில் தாளை எடுங்கள்

"நாளுக்கு 1 விழுக்காடு" என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். கைப்பேசி கால்குலேட்டரைப் படுக்க வைத்தால் அடுக்குப் போடும் பொத்தான் தெரியும். 1.01-ஐ 365 அடுக்குக்கு உயர்த்துங்கள். 37.78 வரும். அதாவது இலாபத்தை எடுக்காமல் விட்டால் 1,000 வெள்ளி (ரிங்கிட்) ஓராண்டில் 37,783 வெள்ளி ஆகும். இரண்டாம் ஆண்டு முடிவில் 14 லட்சத்தைத் தாண்டும். மூன்றாம் ஆண்டு 53 மில்லியனுக்கு மேல். பக்கத்திலேயே இன்னொரு வரி எழுதுங்கள்: சேமநிதி வாரியம் 2024-க்குக் கொடுத்த இலாப ஈவு 6.30 விழுக்காடு, அதில் 1,000 வெள்ளி ஓராண்டில் 1,063 வெள்ளி. முதல் வரியை உண்மையிலேயே செய்யத் தெரிந்தவன் வங்கியில் கடன் வாங்கிச் செய்துகொள்வான். உங்கள் ஐந்நூறு வெள்ளிக்காகக் கோப்பிக்கடையில் காத்துக் கிடக்க மாட்டான்.

இதைக் காட்டினால், "நாங்க கூட்டு வட்டி போடல, தினமும் கையிலயே கொடுத்துடுறோம்" என்பார்கள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. இதைப் பொறுமையாகப் போடுங்கள், இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

பத்துப் பேர் ஆளுக்கு 1,000 வெள்ளி போடுகிறார்கள். மொத்தம் 10,000. ஆள் சேர்த்தவருக்குக் கமிஷன் 10 விழுக்காடு, அதில் 1,000 போய்விடும். பானையில் மிச்சம் 9,000. தினமும் ஆளுக்கு 10 வெள்ளி, பத்துப் பேருக்கு 100. வெளியிலிருந்து எந்த வருமானமும் இல்லையென்றால் 90-ஆம் நாள் பானை காலி. அதுவரை ஒவ்வொருவரும் 900 வெள்ளி "இலாபம்" வாங்கியிருப்பார். அது அவர் போட்ட பணமேதான்.

இப்போது 30-ஆம் நாள் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துவிடுங்கள். பானையில் 6,000 இருக்கும், அதோடு 9,000 சேர்ந்து 15,000 ஆகும். இனி தினமும் 200 வெளியே போகும். 75 நாளில் தீர்ந்துவிடும், அதாவது 105-ஆம் நாள். ஆள் இரண்டு மடங்கு ஆனது, திட்டத்தின் ஆயுளோ வெறும் 15 நாள் கூடியது. யாருக்கு என்ன கிடைத்தது என்றும் பாருங்கள். முதல் பத்துப் பேர் ஆளுக்கு 1,050 வாங்கினார்கள், 50 வெள்ளி இலாபம். இரண்டாவது பத்துப் பேர் ஆளுக்கு 750-தான் வாங்கினார்கள், 250 நட்டம். அந்த நட்டம் மொத்தம் 2,500. அதில் 500 முதல் பத்துப் பேருக்கு, 2,000 ஆள் சேர்த்தவர்களுக்கு. சென் பிசகாமல் கணக்கு முடிகிறது. இத்தனைக்கும் திட்டம் நடத்துபவன் தன் பங்கை இன்னும் எடுக்கவே இல்லை.

"போட்ட முதலை 180 நாளைக்கு எடுக்க முடியாது" என்று இத்திட்டங்கள் போடும் நிபந்தனை எதற்கு என்று இப்போது புரியும். அந்த 180 நாளைக்குள் உங்கள் பணத்தையே உங்களுக்குத் தவணை தவணையாகக் கொடுக்க வேண்டும். முதலை யாராவது கேட்டுவிட்டால் பானை உடைந்துவிடும்.

நம் ஊர்க் கூட்டுப்பணத்தோடு (சீட்டு) இதை ஒப்பிடுவார்கள். கூட்டில் இருபது பேர் ஒருவரை ஒருவர் அறிவார்கள், இல்லாத இலாபம் எதுவும் அதில் பிறப்பதில்லை. அப்படியிருந்தும் அதைத் தொழிலாக நடத்த 1971-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் தடை போட்டிருக்கிறது. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், மலேசிய இந்தியர் தலைவராக இருந்த துன் சம்பந்தனைப் பேச்சுக்குள் இழுப்பார்கள். 1960-ல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்ட மக்கள் போட்ட பணம் நிலமாக மாறியது. அந்த நிலத்துக்குப் பட்டா இருந்தது, பால் கொடுக்கும் மரம் இருந்தது. இங்கே மரம் எது என்று கேளுங்கள்.

மரத்தைக் காட்டச் சொல்வது

கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

ரோபோ வாங்கி விற்கிறது, ஏஐ செய்கிறது என்பது முதல் பதில். எந்தச் சந்தையில், யார் பெயரில் உள்ள கணக்கில், மூன்றாம் ஆள் தணிக்கை செய்த கணக்கு எங்கே என்று கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் தணிக்கை ஆகாது. 2017-ல் பினாங்கில் மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொன்ன ஜேஜேபிடிஆர் திட்டம், கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டதாகச் சொல்லி நின்றுபோனது. ரோபோவை நம்பச் சொன்ன பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ திட்டம் 2018 ஜனவரியில் மூடியபோது அதன் நாணயம் சில நாளில் 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது.

ஒரு சந்தையில் மலிவாக வாங்கி இன்னொன்றில் விற்கிறோம் என்பது இரண்டாவது. அந்த விலை வித்தியாசம் பெரிய நிறுவனங்களின் கணினிகள் நொடிக்குள் தின்றுவிடுகிற அளவு சின்னது.

மைனிங் (கணினி இயந்திரங்களை ஓட்டிப் புது நாணயம் ஈட்டுவது) என்பது மூன்றாவது. இதைச் சோதிப்பது எளிது, மின்சாரப் பில்லைக் கேளுங்கள். பிட்காயின் மைனிங் இயந்திரங்களில் பரவலாகப் பேசப்படும் ஆண்ட்மைனர் எஸ்19 ஏறக்குறைய 3,250 வாட் இழுக்கும். 24 மணி நேரத்துக்கு 78 யூனிட், மாதம் 2,340 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்தாலும் ஒரு இயந்திரத்துக்கே மாதம் 1,170 வெள்ளி. நூறு இயந்திரம் ஓடுகிறது என்பவரிடம் அந்த அளவுக்கு டிஎன்பி (மின்சார நிறுவனம்) பில் இருக்க வேண்டும். பில் இல்லாமலும் ஓட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். 2021 ஜூலையில் சரவாக்கின் மிரியில் மின்சாரம் திருடி ஓடிய 1,069 இயந்திரங்களைப் போலீஸார் ரோடு போடும் உருளையை ஏற்றி நசுக்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் பணம் இருப்பது இலாபக் கணக்கில் சேராது.

நாணயம் இருக்கிறதா என்ற சோதனை

சங்கிலியில் (பிளாக்செயின், பரிவர்த்தனைகள் பதிவாகும் பொதுப் பேரேடு) நடக்கும் உண்மையான கிரிப்டோ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் பரிவர்த்தனை எண் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவை அது. அதைக் கேட்டு வாங்கி, அந்தச் சங்கிலியின் பொதுத் தேடல் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். டிரான் சங்கிலியில் வரும் யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி வைக்கப்படும் நாணயம்) என்றால் முகவரி ஆங்கில டி (T) எழுத்தில் தொடங்கும், தேட வேண்டிய இடம் டிரான்ஸ்கேன். எவ்வளவு தொகை, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு என்பது யாருக்கும் தெரியும்படி அங்கே கிடக்கும். உரிமம் இல்லாத திட்டத்தில் உங்கள் இருப்பு அவர்கள் ஆப்பில் மட்டும் தெரிகிறது, வெளியே எங்கும் தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் நாணயம் இல்லை, திரையில் ஒருவர் தட்டச்சு செய்த எண். 2014-ல் தொடங்கிய ஒன்காயின் இப்படித்தான் ஓடியது. வெளியார் பார்க்கக்கூடிய சங்கிலியே அதற்கு இல்லை, விலையை நிறுவனமே குறித்தது. அதை நடத்திய ருஜா இக்னாடோவா 2017 அக்டோபரில் காணாமல் போனார், 2022-ல் எஃப்பிஐ தேடும் முதல் பத்துப் பேர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது.

ஆப்பைப் பிளே ஸ்டோரில் இருந்து இறக்காமல், வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே (ஆப்பை நிறுவும்) கோப்பைத் தட்டி ஏற்றச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அது உங்கள் வங்கி எஸ்எம்எஸ்-ஐயும் படிக்கக்கூடும்.

பெயர், உரிமம், வங்கிக் கணக்கு

மலேசியாவில் 2019 ஜனவரி 15 முதல் டிஜிட்டல் நாணயங்கள், முதலீட்டுச் சந்தையை மேற்பார்க்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் கண்காணிப்புக்குள் வந்தன. பதிவு பெற்ற டிஜிட்டல் சொத்துச் சந்தைகளின் பட்டியல் கமிஷனின் தளத்தில் இருக்கிறது. லூனோ, ஹாத்தா என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். பட்டியல் மாறும், பணம் போடும் அன்றைக்கே பாருங்கள். உலகப் பெயர் பெற்றது என்பதும் உரிமம் ஆகாது. பதிவில்லாமல் இங்கே சந்தை நடத்தியதற்காக 2021 ஜூலையில் உலகின் பெரிய கிரிப்டோ சந்தையான பைனான்ஸ் (Binance) மீதே கமிஷன் நடவடிக்கை எடுத்தது. அதே தளத்தில் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் உண்டு, மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் ஒன்று வைத்திருக்கிறது. அவற்றில் பெயர் இருந்தால் விலகுங்கள். பெயர் இல்லாததால் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரு பெயர் மாட்டினால் மறுவாரம் வேறு பெயரில் வருவார்கள்.

காட்டப்படும் சான்றிதழ்களில் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்எம் (கம்பெனிகளைப் பதியும் ஆணையம்) பதிவு என்பது கம்பெனிக்குப் பிறப்புப் பத்திரம் மாதிரி. அதை வைத்துப் பொதுமக்களிடம் முதலீடு வாங்க முடியாது. அமெரிக்க எம்எஸ்பி (பணச் சேவை நிறுவனம்) சான்றிதழும் விண்ணப்பம் நிரப்பி வாங்கும் பதிவுதான், முதலீட்டு உரிமம் இல்லை.

அடுத்தது வங்கிக் கணக்கு. டியூட்நவ் (உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை) வழியாக அனுப்பும்போது கடைசிப் பொத்தானுக்கு முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். அந்த இடத்தில் விரலை எடுங்கள். பதிவு பெற்ற சந்தைக்குப் போகும் பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும். திரையில் தனியாள் பெயரோ, சம்பந்தமே இல்லாத ஒரு எண்டர்பிரைஸ் பெயரோ வந்தால் அது வாடகைக் கணக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் தளத்திலும் போட்டுப் பாருங்கள், புகார் வந்திருந்தால் தெரியும். புகார் இல்லை என்று வந்தால், யாரும் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் அர்த்தம்.

அந்த வாடகைக் கணக்கு எங்கிருந்து கிடைக்கிறது? லயத்துப் பையன்களிடமிருந்தும்தான். "ஏடிஎம் கார்டைக் கொடு தம்பி, மாசம் ஐந்நூறு" என்று கேட்பார்கள். 2024-ல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கை அப்படிக் கொடுப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்னும் "வேலை"யும் இதே குடும்பம். முதலில் ஐந்து, பத்து வெள்ளி வரும், பிறகு பெரிய "டாஸ்க்" எடுக்க நீங்கள் பணம் கட்ட வேண்டும். சம்பளம் வாங்க வேலையாள் பணம் கட்டுவது எந்த ஊர் வழக்கம்?

"எடுத்துப் பார்த்துட்டேன்" என்பவருக்கு

200 வெள்ளி எடுத்துப் பார்த்தேன், வந்தது, ஆகவே நிஜம் என்பார்கள். எல்லாச் சோதனையிலும் ஆளைக் கவிழ்ப்பது இதுதான். அந்த 200 வரத்தான் செய்யும், வராவிட்டால் நீங்கள் 20,000 போட மாட்டீர்களே. பெரிய தொகையைக் கேட்கும்போதுதான் உண்மை தெரியும். 20 விழுக்காடு வரி கட்டு, கணக்கைச் சரிபார்க்க டெபாசிட் கட்டு, விஐபி நிலைக்கு ஏறு என்று வரிசையாக வரும். நினைவில் வையுங்கள்: வரி என்று ஒன்று இருந்தால் அதை நீங்கள் வருமான வரி வாரியத்துக்கு நேரே கட்டுவீர்கள், தளத்துக்கு முன்பணமாகக் கட்டுவதில்லை. கட்டணம் நிஜமாக இருந்தால் உங்கள் இருப்பிலிருந்தே கழித்துக்கொள்ளலாமே என்று ஒரே ஒரு வரி கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகும் வாங்க ஆசை என்றால்

உரிமம் உள்ள சந்தையில் உங்கள் ஐசியை (அடையாள அட்டை) கொண்டு நீங்களே கணக்குத் திறங்கள், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்தே பணம் அனுப்புங்கள். "நான் திறந்து தர்றேன் மாமா" என்பவரிடம் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். போடும் தொகை மொத்தமாகப் போனாலும் அடுத்த மாதப் பால்மாவும் ஸ்கூல் பஸ் காசும் நிற்காத அளவுக்குள் இருக்கட்டும். உரிமம் திருட்டு அபாயத்தைத்தான் குறைக்கும், விலைச் சரிவைத் தடுக்காது. 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000 டாலர் இருந்த பிட்காயின் 2022 நவம்பரில் 16,000-க்கும் கீழே போனது. உச்சத்தில் 5,000 வெள்ளிக்கு வாங்கியவரிடம் ஏறக்குறைய கால் பங்குதான் மிஞ்சியிருக்கும். பிறகு ஏறியது உண்மை. இடையில் மகள் கல்யாணத்துக்காக விற்றவருக்கு அது உதவவில்லை.

சொந்த வாலட்டுக்கு (நாணயத்தை நீங்களே வைத்துக்கொள்ளும் ஆப் அல்லது கருவி) மாற்றினால் அது 12 அல்லது 24 சொற்கள் கொடுக்கும், அவைதான் உங்கள் பணத்தின் சாவி. பேனாவால் தாளில் எழுதுங்கள், படம் எடுக்காதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். சரிபார்க்கிறோம் என்று அதைக் கேட்பவன் திருடன்தான். பலகை வீட்டில் கறையான் தாளையும் தின்னும், அதனால் இரண்டு பிரதி எழுதி இரண்டு வீட்டில் வையுங்கள். அனுப்பும்போது இரு பக்கமும் ஒரே சங்கிலியா என்று பார்த்து, முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா

வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிவிடும். உடனே 997-க்கு அழையுங்கள், அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணையும் அழையுங்கள். அன்றைக்கே போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். கையில் இருக்க வேண்டியவை: பணம் போன கணக்கு எண், பெயர், தேதி, மணி, தொகை, கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண், முழு உரையாடல். குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், முதலில் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். யூஎஸ்டிடியாகப் போயிருந்தால் ஒரு சிறு வாய்ப்பு உண்டு: அதை வெளியிடும் டெதர் நிறுவனம் அதிகாரிகள் கேட்டால் குறிப்பிட்ட முகவரியை முடக்க முடியும். பிட்காயினில் அப்படி முடக்க யாரும் இல்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருவர் அழைப்பார். வழக்கறிஞர் என்பார், ஹேக்கர் என்பார், சில சமயம் அதிகாரி என்றே சொல்வார். எவ்வளவு இழந்தீர்கள் என்று சரியாகச் சொல்வார், 1,500 வெள்ளி கட்டினால் மீட்டுத் தருகிறேன் என்பார். தொகையைச் சரியாகச் சொல்வதால் நம்பத் தோன்றும். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் கைமாறி விற்கப்படும் சரக்கு, அவருக்குத் தெரிந்திருப்பது அந்த வழியில்தான். எண்ணைக் குறித்துக்கொண்டு போனை வையுங்கள், அதையும் அதே போலீஸ் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.