குமரி மாவட்டத்தில் ஏ.ஏ. கூட்டத்தைத் தேடிப் போவது எப்படி?

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அங்கே போகும் முன் முதலில் ஒரு எச்சரிக்கை. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தினால் கை நடுக்கத்தோடு முடியாது, வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் வந்து இல்லாத ஆளோடு பேச ஆரம்பிக்கலாம், உயிருக்கே ஆபத்து. அதனால் அப்படிப்பட்டவர் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். வலிப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் 108.

சரி, கூட்டத்துக்கு வருவோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவில் குடியை விட முயன்ற இரண்டு பேர் சந்தித்துத் தொடங்கியது. கட்டணம், விண்ணப்பம், அடையாள அட்டை எதுவும் கிடையாது, குடியை நிறுத்தணும் என்ற ஆசை இருந்தால் போதும்.

தேடலைப் போனிலிருந்து ஆரம்பியுங்கள். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகப் பாருங்கள். போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446-இலும், மனநல உதவிக்கான 14416-இலும் கேட்கலாம், பிந்தையதில் தமிழிலேயே பேசலாம். மருத்துவமனையில் கவுன்சலரிடம் "இந்தப் பக்கம் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கு?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஆலய ஹாலிலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும் கூட்டங்கள் நிறைய என்பதால் பங்குத்தந்தைக்கும் போதகருக்கும் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் அவர்களிடம் கேட்டால் அன்பியம் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) முழுக்கப் பரவிவிடுமோ என்று பயமாக இருந்தால், நம்மூரில் அது நியாயமான பயம்தான், போன் வழியே போதும்.

முகவரி கிடைத்ததும் பஸ் ஏறிவிடாதீர்கள். இடமும் நேரமும் மாறும், பட்டியலோ பழையதாகவே கிடக்கும். அங்கே கொடுத்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த வாரம் நடக்கிறதா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, பேசுவது தமிழிலா மலையாளத்திலா. திறந்த கூட்டத்துக்கு மனைவியோ அண்ணனோ கூட வரலாம், மூடியதில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் மட்டும்தான். பெண்கள் தங்களுக்குத் தனிக் கூட்டம் உண்டா என்றும் விசாரிக்கலாம்.

அடுத்து, எந்த ஊர்? என் கருத்தில் சொந்த ஊரில் வேண்டாம். கருங்கல்காரர் நாகர்கோவிலுக்குப் போங்கள், நாகர்கோவில்காரர் மார்த்தாண்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் மாமா மகன் நிற்பானோ என்ற பயத்திலேயே பலர் முதல் நாளோடு நின்றுவிடுகிறார்கள். பஸ் காசு போனால் போகட்டும், திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, பெரும்பாலும் கட்டன்சாயா. ஒருவர் எழுந்து "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்பார், மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள், அவர் தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், அறிவுரையும் இல்லை (கல்யாண வீட்டில் கூட கிடைக்காத மரியாதை இது!). உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். உண்டியல் சுற்றி வரும், புதிதாக வந்தவர் போடவேண்டியதில்லை. முடிந்ததும் ஓடிவிடாமல் ஒருவரிடமாவது போன் எண் வாங்குங்கள், ஏனென்றால் சாயங்காலம் ஏழு மணிக்குக் கை பரபரக்கும்போது கூப்பிட ஆள் வேண்டும்.

முதல் கூட்டம் பிடிக்கவில்லையென்றால் வேறொன்றுக்குப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு குழுவும் ஒரு மாதிரி. குடிப்பவர் வரமாட்டேன் என்றால் வீட்டார் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம், குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் இருக்கிறது. பக்கத்தில் எதுவுமே இல்லையா? ஜூமில் நடக்கும் தமிழ்க் கூட்டத்தில் வீடியோவை அணைத்துவிட்டு உட்காருங்கள். அங்கே இன்னொரு குமரிக்காரர் கிடைத்தால் நீங்கள் இருவருமே ஒரு குழுவைத் தொடங்கலாம், ஏ.ஏ.வின் மரபில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது குழுதான்.