பொது பில்ட் அமைப்புகளுக்கு ஒரே கோப்பு
மூல நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் வேலையை (பில்ட்) நடத்தும் கருவி ‘மேக்’ (make); அதற்கான கட்டளைகள் மேக்ஃபைலில் இருக்கும். கம்பைலர் பெயர், எச்சரிக்கைக் கொடிகள் (எந்த எச்சரிக்கைகளைக் காட்டவேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் விருப்பங்கள்) போன்றவற்றைத் திட்டத்தின் மேல் கோப்புறையில் ஒரே கோப்பில் எழுதி, உட்கோப்புறைகளின் மேக்ஃபைல்களில் முதல் வரியாக அதை ‘இன்க்லூட்’ (include) செய்துவிடுங்கள். சேலம் கொலுசுப் பட்டறைகளுக்கான பில் மென்பொருளில் எடை, கூலி, இருப்பு என்று கோப்புறைகள் பிரிந்திருந்தாலும், கொடியை மாற்ற ஓரிடத்தைத் தொட்டால் போதும். மேக் அந்தப் பொதுக் கோப்பை முழுதும் படித்த பிறகே அடுத்த வரிக்கு வருகிறது. எனவே கூலிக்கு மட்டும் தேவையான கொடியை அதன் மேக்ஃபைலிலேயே கூட்டிக்கொள்ளலாம். கொடியை மாற்றிய பின் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைலர் உருவாக்கிய இடைநிலைக் கோப்புகள்) கட்டாயம் அழியுங்கள். கொடி மாறியதை மேக் தானாகக் கவனிக்காது.

பொதுக் கோப்பில் சார்புப் பாதைகள் (‘../’ போலத் தொடங்கும் கோப்பு முகவரிகள்) வேண்டாம். அவை மேக் இயங்கும் கோப்புறையிலிருந்தே கணக்கிடப்படும். தனியாகப் பிரித்து வழங்கவேண்டிய கோப்புறைக்கு இந்த முறை உதவாது. மேல் கோப்பு கிடைக்காமல் பில்ட் நின்றுவிடும்.