வியன்னாவில் முதல் நான்கு வாரம்: வயலின் பெட்டியோடு வந்து இறங்குபவருக்கு

இசை படிக்க வியன்னாவுக்கு வந்த புதிதில் ஒன்பது நாள் நான் வயலினைத் தொடவே இல்லை. வீட்டுப் பதிவு, பாங்க், சிம் கார்டு, கட்டில், போர்வை என்று ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று விழுங்கிவிட்டது. பத்தாம் நாள் முதல் வகுப்பு. அன்று என்ன லட்சணத்தில் வாசித்தேன் என்பது இங்கே வேண்டாம்.

நுழைவுத் தேர்வில் தேறி வந்தவருக்கு வாசிப்பில் குறை இருக்காது. எந்த வேலையை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று தெரியாததுதான் சிக்கல். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வயலின்காரன், அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாயும். பியானோ, பாட்டு, குழல் படிப்பவர்கள் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ஊரில் இருக்கும்போதே

வயலினைக் கையோடு விமானத்துக்குள் எடுத்து வாருங்கள். அது கைப்பையாகக் கணக்காகுமா, தனியா என்பதை டிக்கெட் போடும்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். முழுக்கக் கழற்றினால் கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரை சாய்ந்துவிடும். பழைய வில்லாக இருந்து அதன் நுனியில் யானைத் தந்தம் இருந்தால் அதைக் கொண்டுவர வேண்டாம், எல்லையில் பெரிய வம்பு. வாத்தியம் வாங்கிய ரசீதின் நகல் ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள்.

பெயர் விஷயத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இங்கே ஒவ்வொரு படிவத்திலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் காத்திருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஒரு இடத்தில் அப்பா பெயரை விரித்து, இன்னொரு இடத்தில் சுருக்கினால் பல்கலைக்கழகத்தில் ஒருவர், பாங்கில் இன்னொருவர் என்று இரண்டு ஆள் ஆகிவிடுவீர்கள்.

படி 2: முதல் மூன்று நாள், முகவரிப் பதிவு

ஆஸ்திரியாவில் ஒரு வீட்டில் குடியேறினால் மூன்று நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான தாளின் பெயர் மெல்டட்செட்டல். வாழ்க்கை முழுக்க இந்தத் தாளைச் சுற்றித்தான் ஓடும். பாங்க் கணக்குக்கும் கேட்பார்கள், செல்போன் ஒப்பந்தத்துக்கும் கேட்பார்கள். படிவத்தை நிரப்பி, வீடு கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட்டோடு வட்டார அலுவலகத்துக்குப் போங்கள். கட்டணம் எதுவும் இல்லை.

முகவரி எழுதும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தெருப் பெயருக்குப் பிறகு 12/2/15 என்று வந்தால் 12 கட்டட எண், 2 எந்தப் படிக்கட்டு, 15 எந்தக் கதவு. நடுவில் உள்ள 2ஐ விட்டுவிட்டால் தபால்காரர் அடுத்த படிக்கட்டில் ஏறிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அஞ்சல் குறியீட்டின் நடு இரண்டு இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும். 1030 என்றால் மூன்றாவது வட்டாரம். வியன்னா இசை, நிகழ்த்துகலைப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் அங்கேதான், ஆன்டான் வேபெர்ன் சதுக்கத்தில்.

வீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று எழுதுபவர் வீட்டுக்காரர் இல்லை. உண்மையான வீட்டுக்கே மூன்று மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்பது இங்கே வழக்கம், அதனால் தொகையை வைத்து ஏமாற்றா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்கு மாணவர் விடுதியோ ஹாஸ்டலோ போதும்.

படி 3: அதே மூன்று நாளுக்குள், வாசிக்க ஒரு இடம்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். பதிவு வேலையெல்லாம் முடியட்டும், பிறகு நிம்மதியாக வாசிக்கலாம் என்று நினைத்தேன். அந்த வேலைகள் முடியவே முடியாது. முதல் நாளே ஒரு மணி நேரத்துக்காவது இடம் பிடித்துவிடுங்கள்.

வீட்டில் வாசிக்கலாமா? இசை நகரம், யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடக்கி வாசிக்க வேண்டும். சில கட்டடங்களில் மதியமும் ஓய்வு நேரம் உண்டு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் 'ஹவுஸ்ஓர்ட்னுங்' என்று ஒரு விதித்தாள் இருக்கும், பெரும்பாலும் வாசல் பக்கச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்காரரிடம் நேராகவே கேளுங்கள்: "டார்ஃப் இஹ் ஹியர் ஊபன்?" இங்கே பயிற்சி செய்யலாமா என்று அர்த்தம். வேண்டாம் என்றால் அந்த வீடு உங்களுக்கு இல்லை, ஜன்னல் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் வாரம் ஒரு ஞாயிறு காலை, மூன்றாவது பொசிஷனில் ஸ்கேல். அரை மணி ஆனதும் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பாட்டி, தலை வாரி, கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நாலாவது விரல் தாழ்ந்து விழுகிறது, தம்பி" என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, "இன்று ஞாயிறு" என்று விரலை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். இரண்டுமே சரி.

அன்றே சத்தத்தை அடக்கும் ரப்பர் மியூட் ஒன்று வாங்கினேன். குதிரைமேல் மாட்டும் கனமான வகை. கடையில் 'ஹோட்டல் டெம்ஃபர்' என்று கேளுங்கள். விரல் பழக்கத்துக்கு அது போதும். அதை மாட்டிக்கொண்டே நாள் முழுக்க வாசித்தால் மட்டும் வலது கையின் அழுத்தம் கெட்டுப்போகும்.

பல்கலைக்கழகத்தில் பயிற்சி அறைகள் உண்டு, ஆட்கள் அதைவிட அதிகம். மாணவர் அட்டை கையில் வந்த அன்றே அறை எப்படிப் பதிவு செய்வது என்று மூத்த மாணவரிடம் கேளுங்கள், அலுவலகப் பலகையில் இருப்பதைவிட அவருக்குத் தெரிந்தது அதிகம். காலை முதல் மணி காலியாக இருக்கும். இசைக்காரர்கள் எந்த ஊரிலும் காலையில் எழுவதில்லை.

படி 4: காசும் அட்டையும்

இதைச் சுருக்கமாக முடிப்போம். அரசுப் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 726.72 யூரோ, அதோடு மாணவர் சங்கக் கட்டணம். கெடுவுக்குள் கட்டாவிட்டால் சேர்க்கையே போய்விடும். சங்கக் கட்டணம் சின்னத் தொகைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுச் சேர்க்கையைச் சிக்கலாக்கிக்கொண்டவர்கள் உண்டு. மருத்துவக் காப்பீட்டை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். தங்கும் அனுமதி ஒரு வருடத்துக்கு. அதைப் புதுப்பிக்க வருடத்துக்கு 16 ஈசிடிஎஸ் புள்ளி (தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் ஐரோப்பியப் புள்ளி) காட்ட வேண்டும், அதனால் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே அந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

முகவரி பதிவான கொஞ்ச நாளில் ஒலி, ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லையே என்று குப்பையில் போடாதீர்கள். 2024 முதல் டிவி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது, வீட்டுக்கு ஒருவர் கட்ட வேண்டும். அறைத்தோழர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அதைத் தெரிவித்துவிடுங்கள்.

மெட்ரோவில் தடுப்புக் கதவே இருக்காது. டிக்கெட் பார்ப்பவர் சாதாரண உடையில், உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பார். மாட்டினால் நூறு யூரோவுக்கு மேல் அபராதம். சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கடைகள் மூடினால் திங்கள் காலைதான். அரிசி தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமையில் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி. தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்காதீர்கள். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் குழாயில் வருகிற ஊர் இது.

படி 5: சுரத்துக்கு வேறு பெயர்

ஜெர்மன் தெரியாமல் கடையில் சமாளித்துவிடலாம். ஒத்திகையில் முடியாது. வருவதற்கு முன்பே இதை மனப்பாடம் செய்யுங்கள்.

நாம் ஆங்கில முறையில் பி என்று படித்த சுரத்துக்கு இங்கே 'ஹா' என்று பெயர். 'பே' என்று சொன்னால் அது பி ஃப்ளாட். கட்டைக் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும்: ஏழு கட்டை 'ஹா', ஆறரைக் கட்டை 'பே'. ஷார்ப் என்றால் பின்னால் 'இஸ்' சேரும், அதாவது ஒன்றரைக் கட்டை 'ட்ஸிஸ்', நாலரை 'ஃபிஸ்'. ஃப்ளாட் என்றால் 'எஸ்' சேரும். அதன்படி டி ஃப்ளாட் 'டெஸ்'. ஈ ஃப்ளாட் வெறும் 'எஸ்', ஏ ஃப்ளாட் வெறும் 'அஸ்'. மேஜர் 'டூர்', மைனர் 'மோல்'. ஷூபர்ட்டின் முடிவுபெறாத சிம்பொனி பி மைனர் என்று ஊரில் படித்திருப்பீர்கள், இங்கே அது 'ஹா மோல்'. சுரம் சொல்லி எழுதும் முதல் வகுப்பில் நான் 'பே' வந்த இடமெல்லாம் ஏழு கட்டையை எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் சிவப்பு மை நிறைய.

அதைவிடப் பெரிய பள்ளம் எண்கள். நாம் ஐம்பத்து மூன்று என்போம். ஜெர்மனில் 'ட்ரை உண்ட் ஃபூன்ஃப்ட்ஸிக்', அதாவது மூன்றும் ஐம்பதும். நடத்துநர் "டாக்ட் ட்ரை உண்ட்..." என்று தொடங்கியதுமே என் காது 3ஐப் பிடித்துக்கொள்ளும், கண் 35ஆம் தாளக்கட்டுக்கு ஓடிவிடும். எல்லோரும் 53இல் வாசிக்க, நான் மட்டும் 35இல். இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். முதலில் கேட்ட இலக்கத்தைப் பென்சிலால் வலது ஓரத்தில் எழுதி, இடப்பக்கம் இடம்விட்டுக் காத்திருப்பது. இரண்டு வாரத்தில் பென்சில் தேவைப்படவில்லை. இன்னும் நாலு சொல்: மேல்வில் 'ஆவுஃப்ஷ்ட்ரிஹ்', கீழ்வில் 'அப்ஷ்ட்ரிஹ்', மறுபடி 'நோஹ் அய்ன்மால்', தொடக்கத்திலிருந்து 'ஃபான் ஃபோர்னெ'.

சுருதியும் கொஞ்சம் வேறு. இங்கே ஏ என்றால் 443 ஹெர்ட்ஸ். சுருதி பார்க்கும் செயலியில் 440தான் இருக்கும், மாற்றி வையுங்கள். வித்தியாசம் ஒரு அரைச்சுரத்தில் சுமார் எட்டில் ஒரு பங்குதான், ஆனால் பியானோவோடு சேரும்போது உடனே குத்தும்.

ஆசிரியரை முதல் நாள் 'ஹெர் ப்ரொஃபெஸர்' அல்லது 'ஃப்ராவ் ப்ரொஃபெஸர்' என்றே அழையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று அவரே சொன்னால் அப்போது மாறிக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் நம் ஊர் 'சார்' பழக்கம் நன்றாகவே கைகொடுக்கும்.

படி 6: வாரம் இரண்டு முறை நின்று கேளுங்கள்

இரண்டாம் வாரம் முதலே தொடங்குங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1869இல் திறந்த அரசு ஓபராவில் நின்று பார்க்கும் இடத்துக்குத் தனி டிக்கெட் உண்டு, 'ஷ்டேப்ளாட்ஸ்' என்பார்கள். அன்றைய நிகழ்ச்சிக்கு அன்றே விற்பார்கள், உட்காரும் இருக்கையின் விலையில் சின்னப் பங்கு. உள்ளே போனதும் ஒரு கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உங்கள் மஃப்ளரை அதில் கட்டிவிடுங்கள். அதன் பிறகு அந்த இடம் உங்களுடையது, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். யாரும் அவிழ்க்க மாட்டார்கள். பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேடைக்கு முன்னால் குழியில் வாசிக்கிற ஓபரா வாத்தியக்குழுவிலிருந்துதான் வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்ற புகழ்பெற்ற இசைக்குழு ஆள் எடுக்கிறது. ஓபராவில் குறைந்தது மூன்று வருடம் வாசித்த பிறகே அங்கே சேர முடியும். எனவே மேடையைப் பார்க்க முடியாத இடம் கிடைத்தாலும் வில்களைப் பார்க்கும் இடமாகப் பிடியுங்கள். ஒரு வரிசை முழுக்க வில்லின் எந்தப் பகுதியில் வாசிக்கிறார்கள் என்று மூன்று மணி நேரம் கவனித்தால் அதுவே ஒரு வகுப்பு. மூசிக்ஃபெரைன் என்ற கச்சேரி அரங்கின் பொன் மண்டபத்திலும் பின்னால் நிற்கும் இடம் உண்டு. அங்கே ஒன்றும் தெரியாது, ஆனால் கேட்கும். செருப்பைப் பற்றி மட்டும் யோசித்துப் போங்கள். புது ஷூவில் வாக்னரின் நீண்ட ஓபரா கேட்டு ஒரு வாரம் நொண்டினேன்.

படி 7: ஹீட்டர் போடும் முன்

அக்டோபரில் அறையைச் சூடாக்கத் தொடங்குவார்கள். சென்னைக் காற்றில் வளர்ந்த மரத்துக்கு இது அதிர்ச்சி. ஒரு காலை பெட்டியைத் திறந்தேன்: கம்பியை முறுக்கும் நான்கு பிரடையும் நழுவி, கம்பிகள் தொளதொளத்து, குதிரை படுத்துக் கிடந்தது. பதற்றத்தில் நிமிர்த்தி முறுக்கப் பார்த்தேன். பக்கத்து அறைக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே நிற்கும் சின்னக் குச்சியும் விழுந்திருந்தால், கம்பியை முறுக்கும் அழுத்தத்தில் மேல்பலகை பிளந்துவிடும். அப்படியே வயலின் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு ஈரப்பதமானி வையுங்கள், சில யூரோதான். முள் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் வாத்தியத்துக்கு ஈரம் கொடுக்கும் ஈரக்குழாய் போடுங்கள். பெட்டியை ஹீட்டர் பக்கத்திலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். வறண்ட காற்றில் வில்லின் மயிரும் சுருங்கும், அதனால் வாசித்து முடித்ததும் மறக்காமல் தளர்த்துங்கள்.

அதே மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஊருக்கும் இங்கேயும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகிவிடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு வழக்கமாக வரும் அம்மாவின் போன் அன்று ஆறுக்கே வந்தது, "என்னடா இன்னும் தூக்கமா, சாதகம் பண்ணலியா?" என்று.