நிலவுப் பயணத் தலைமுறையின் நினைவுகளைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹூஸ்டனில் அப்பல்லோ காலத்து ஆட்களைச் சந்தித்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்துவருகிறேன். புதிதாக வரும் இளைஞர்கள், நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். பேட்டரி, மைக் சமாச்சாரமெல்லாம் போகப்போகப் பிடிபட்டுவிடும். அப்பல்லோ 13-இன் தலைவர் ஜிம் லவல் 2025 ஆகஸ்டில் காலமானார். நேரம் குறைவு, நேராகச் சொல்கிறேன்.

பேசும்போதே திருத்துவது

முதல் வருடம், தரைக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அப்பல்லோ 12-இல் மின்னல் தாக்கிய நாளைச் சொல்ல ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியைத் தள்ளிவைத்து, "இது என் இருக்கை" என்றார். பக்கத்தில் ஒரு கரண்டி, அதற்கப்பால் ஒரு கோப்பை. "மதியச் சாப்பாடு முடிந்த நேரம்…" என்றார். நான் மடியிலிருந்த தாளைப் பார்த்து, "இல்லை சார், ஹூஸ்டனில் காலை 10:22" என்றேன்.

தாளையே பார்த்தார். "எல்லாம்தான் உங்களிடம் இருக்கிறதே" என்று உப்பு ஜாடியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். அப்புறம் பேசியதெல்லாம் அந்தத் தாளில் உள்ளதுதான். மறுபடி போக நாள் குறித்தோம். அதற்குள் அவர் போய்விட்டார். அந்தக் கரண்டி யாருடைய இடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ராக்கெட் கிளம்பிய 36-ஆவது வினாடியில் ஒரு மின்னல், 52-இல் இன்னொன்று. இதெல்லாம் ஆவணத்தில் பத்திரமாக இருக்கிறது. தரைக்கட்டுப்பாட்டில் இருந்த 26 வயது ஜான் ஆரன் எந்த ஸ்விட்சை மாற்றச் சொன்னார் என்பதும், விண்கலத்தில் இருந்த ஆலன் பீன் அதை மாற்றியதும், மின்னலில் குழம்பிப்போன தகவல்கள் திரும்பிவந்ததும்கூட இருக்கின்றன. ஆனால் ஆரனுக்கு மட்டும் அது ஏன் தோன்றியது? சுமார் ஒரு வருடம் முன்பு ஒரு சோதனையில், திரையில் அதே மாதிரி தாறுமாறான எண்களைப் பார்த்திருந்தார். அவர் வாயால் சொன்னதால்தான் நமக்கு இது தெரியும். நாம் தேடிப் போவது இதைத்தான். நேரம் தப்பாக இருந்தால் அடிக்குறிப்பில் திருத்திக்கொள்ளலாம். போன மாதம்கூட ஒரு பையன் தேதியைத் திருத்தினான். எனக்கு ஆறவே இல்லை.

"நிலவில் எப்படி இருந்தது?"

கேட்காதீர்கள். ஐம்பது வருடமாகச் சொன்ன பதில்தான் வரும்.

மனைவியை வேறு அறைக்கு அனுப்புவது

அவரையும் உட்காரவையுங்கள். பாதி அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

சம்மதக் கையெழுத்தைத் தள்ளிப்போடுவது

அன்றைக்கே வாங்குங்கள்.

நடந்தவர்களை மட்டும் தேடுவது

நிலவில் நடந்தவர்கள் 12 பேர். அப்பல்லோவுக்கு உழைத்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தமில், ரேதியான் நிறுவன ஆலையில் பெண்கள் அப்பல்லோ விண்கலத்தின் கணினி நினைவகத்தைக் கையால் பின்னினார்கள். கம்பி காந்த வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. அவர்களைப் பார்க்கப் போனால் கொஞ்சம் மெல்லிய கம்பியும் எடுத்துப்போங்கள். கையில் கொடுத்து, செய்துகாட்டச் சொல்லுங்கள். கேமராவை முகத்துக்கு வைக்காமல் விரல்களுக்கு வையுங்கள்.