ஊட்டியில் காலை நடை: முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்

ஊட்டி மார்க்கெட் பக்கம் காலை ஆறரைக்கே இறங்கிவிடுங்கள், ஸ்வெட்டரும் சில்லறையும் கையில் இருக்கட்டும். முதலில் டீயும் வர்க்கியும்தான். புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், விறகடுப்பு பேக்கரியில் சூடாக வாங்கினால் மடிப்பு மடிப்பாக உதிரும், அதனால் மடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு கடியுங்கள். டீயில் முக்கினால் மூன்று நொடிதான், அதற்குமேல் விட்டால் டம்ளர் அடியில் கூழ். எனக்கு அந்தக் கூழும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

அப்புறம் மலையாளி கடையில் புட்டும் கடலைக்கறியும், இரண்டு பேருக்கு ஒரு பிளேட் போதும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் (சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்) பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களும் இந்த மலையில் நிறைய, அவர்கள் கைப்பக்குவத்தில் தேங்காய் ரொட்டியும் சம்பல் துவையலும் கிடைத்தால் விடாதீர்கள். இந்த மலையின் படுகர் சமூகத்தாரின் ராகிக் களியும் அவரைக் குழம்பும் வீட்டுச் சாப்பாடு, ஓட்டலில் தேடி அலையாமல் படுகர் நண்பர் யாராவது இருந்தால் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

வெளியூர் வண்டி என்றால் ஊட்டிக்கு வர ஆன்லைன் அனுமதியான இ-பாஸ் வேண்டும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.