பழைய ரெஸ்லிங்குக்கு ரெஃப்ரியாக நிற்பது எப்படி

எங்கள் செல்லூர்த் தெருப் பையன்கள் இந்தப் பொங்கலுக்குக் கபடியோடு பழைய காலத்து ரெஸ்லிங்கும் போடப்போகிறார்கள். கபடிக்கு விசில் ஊதுகிறவன், கறுப்பு வெள்ளை ஆட்டங்களை விடாமல் பார்க்கிறவன் என்பதால் ரெஃப்ரி வேலையை என்னைச் சொல்லித்தரச் சொன்னார்கள். சரி, மாப்ள, கேட்டுக்கோ. கபடி நடுவர் எல்லாவற்றையும் பார்க்கணும். ரெஸ்லிங் ரெஃப்ரிக்கு எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்திருக்கணும். ஜெயிக்கப்போவது யார் என்று முன்னாலேயே பேசி முடித்த ஆட்டம் அது. கூட்டம் அதை நம்புவது உன் கையில்தான் இருக்கிறது.

சட்டம் கொஞ்சம்தான். இரண்டு தோளும் தரையில் பட்டால் மூன்று எண்ண வேண்டும். வலி தாங்காமல் 'போதும்' என்றாலும் தோல்வி. கையோ காலோ கயிற்றைத் தொட்டுவிட்டால் பிடியை விடச் சொல்லி ஐந்து எண்ணு. ஐந்துக்குள் விடாதவனை வெளியேற்று. ரிங்குக்கு வெளியே விழுந்தவனுக்குப் பத்து. குரல்வளையை நெரிக்கக் கூடாது, முஷ்டியால் குத்தக் கூடாது. மூன்றில் இரண்டு ஜெயித்தவனுக்கே ஆட்டம் என்று மைக்கில் முதலிலேயே சொல்லிவிடு.

இன்னொன்று: தப்பாட்டத்துக்காக வெளியேற்றப்பட்டுத் தோற்றால் பெரும்பாலான இடங்களில் சாம்பியன் பட்டத்துக்கான பெல்ட் கை மாறாது. வில்லன்களுக்குச் சோறு போட்டதே இந்தச் சட்டம்தான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் வேண்டுமென்றே ஒரு குத்து விட்டுவிட்டு, பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். கூட்டத்துக்கு வயிறு எரியும். எரியட்டும், அடுத்த ஆட்டத்துக்கு அப்போதுதான் வருவார்கள்.

எண்ணும்போது குப்புறப் படுத்துத் தோளைப் பார். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உள்ளங்கை முழுக்கத் தரையில் அடி. முடிவு தெரியும் என்பதற்காக மூன்றாவதை அவசரமாக அடிக்காதே. மூன்றுக்கும் ஒரே வேகம். தோள் எழும்பினால் கையை அந்தரத்திலேயே நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து இரண்டு விரல் காட்டு. 1988 பிப்ரவரியில் ரெஸ்லிங் நட்சத்திரங்களான ஹல்க் ஹோகன் - ஆந்த்ரே ஆட்டத்தில் ஹோகனின் தோள் எழும்பியது ஊருக்கே தெரிந்தது. ரெஃப்ரி மூன்று அடித்து முடித்துவிட்டார். பிறகு பார்த்தால் அசல் ரெஃப்ரியைப் போலவே அச்சாக இன்னொருவர் வந்து நிற்கிறார், இரட்டைப் பிறவி! எழும்பிய ஒரு தோளை வைத்து இவ்வளவு பெரிய கதை. மற்ற நாளெல்லாம் ரெஃப்ரிகள் ஒழுங்காக எண்ணியதால்தான் அது எடுபட்டது.

அப்புறம் பார்க்காமல் இருப்பது. ஆட்டத்துக்கு முன்னால் இருவருடைய பூட்ஸ், உள்ளங்கை, நகம் எல்லாம் எல்லோருக்கும் தெரியத் தடவிப் பார். வில்லன் எதையாவது ஒளித்து வைத்திருப்பான், அது உனக்குத் தட்டுப்படக் கூடாது. அவனுடைய கூட்டாளி எதிர்ப்பக்கம் கயிற்றில் ஏறுவான். நீ போய் விரல் நீட்டித் திட்டு. சும்மா முதுகைக் காட்டி நிற்காதே, திரும்பி நிற்க ஒரு காரணம் வேண்டும். திரும்பி வந்தால் நல்லவன் மல்லாந்து கிடப்பான். "அடிச்சானா?" என்று கூட்டத்தைக் கேள். "ஆமா!" என்று மைதானமே கத்தும். கையை விரி: நான் பார்க்கலையே. ரெஃப்ரி பார்க்காதது நடக்கவே இல்லை.

இருவர் இருவராக மோதும் ஆட்டத்தில் இது இன்னும் ருசி. அதில் அணிக்கு ஒருவன்தான் உள்ளே ஆடலாம், கூட்டாளியின் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம், அதை ரெஃப்ரி பார்த்திருக்கவும் வேண்டும். அடிவாங்கித் தவழ்ந்து வந்தவன் கூட்டாளியின் கையைத் தொட்டே விடுவான். அந்த நேரம் பார்த்து நீ வேறு பக்கம் திரும்பியிருப்பாய். உள்ளே ஓடி வந்தவனை மல்லுக்கட்டி வெளியே தள்ளுவாய். உன் முதுகுக்குப் பின்னால் வில்லன்கள் இருவரும் சேர்ந்து மிதிப்பார்கள். அன்றைக்கு உனக்கு விழும் வசவுதான் நீ நன்றாகச் செய்தாய் என்பதற்குச் சாட்சி.

நேர வரம்பு கட்டாயம். 1910இல் லண்டனில் காமா பயில்வானோடு மோதிய போலந்துக்காரர் ஸிபிஸ்கோ இரண்டரை மணி நேரம் பெரும்பாலும் தரையோடு ஒட்டிக் கிடந்தே டிரா செய்தார். நம் ஜனம் அவ்வளவு நேரம் உட்காராது. இங்கிலாந்தில் 1947வாக்கில் வந்த மவுண்டெவன்ஸ் என்ற ரெஸ்லிங் சட்டப்படி ரவுண்டு பிரித்தார்கள். தப்பாட்டம் ஆடுகிறவனுக்கு மைக்கில் பகிரங்க எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு வெளியே. நம்ம மைக் செட்காரருக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

நிஜ அடி பட்டால் நடிப்பெல்லாம் அப்புறம். விழுந்தவன் கையைப் பிடி; பதிலுக்கு அழுத்தினால் நல்லா இருக்கிறான். அழுத்தவில்லை என்றால் அங்கேயே மணி அடிக்கச் சொல். தலைகீழாகப் பிடித்துத் தலையைத் தரையில் இறக்கும் பைல்டிரைவருக்கு அமெரிக்காவில் மெம்பிஸ் பக்கம் அந்தக் காலத்தில் தடை இருந்தது. செல்லூரிலும் தடை.

வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட். வாட்ச், மோதிரம், பையில் பேனா எதுவும் கூடாது. ஒத்திகைக்குக் கைலியோடு வந்தால் ரிங்குக்குள் விடமாட்டேன்.