ஏத்தம் ஏறும்போது இடுப்பு கடுக்குதா? ரத்தக்குழாயையும் பாத்துடுங்க

ஏற்காட்டுல எஸ்டேட் சரிவுல ஏறும்போது புட்டமும் தொடையும் கடுத்து கால் நகர மாட்டேங்குது, ரெண்டு நிமிஷம் நின்னா சரியாயிடுதுன்னு வீட்ல யாராவது சொன்னா மூட்டுத் தேய்மானம்னு நீங்களே முடிவு பண்ணி தைலம் தேய்ச்சிட்டே இருக்காதீங்க. தொப்புள் மட்டத்துல பெரிய ரத்தக்குழாய் ரெண்டா பிரிஞ்சு இடுப்பு வழியா காலுக்குப் போகுது, அதுல கொழுப்பு படிஞ்சு அடைச்சாலும் இதே வலிதான். பீடி சிகரெட் பழக்கம், சுகர், பிபி இருந்தா சந்தேகம் இன்னும் ஜாஸ்தி படணும்.

ஒரு வித்தியாசம் கவனிங்க. முதுகெலும்பு நரம்பு அழுந்தி வர்ற வலின்னா பெரும்பாலும் உக்காந்தாலோ குனிஞ்சாலோதான் குறையும், மேடு ஏறும்போது உடம்பு முன்னால சாயறதால கொஞ்சம் இதமாக்கூட இருக்கும். ரத்தக்குழாய் வலி அப்படியில்ல, மேட்டுலதான் சீக்கிரம் புடிக்கும், சும்மா நின்னாலே விட்டுடும்.

டாக்டர் தொடையிடுக்குல விரல் வெச்சு ரெண்டு பக்கமும் நாடி பாக்கணும், பாக்கலன்னா நீங்களே கேளுங்க. கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுத்துப் பாப்பாங்க, 0.9 அல்லது அதுக்குக் கீழ வந்தா அடைப்பு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் ரத்த ஓட்டத்தைப் பாக்கற டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டா ரத்தக்குழாயைப் படம் எடுக்கற சிடி ஆஞ்சியோ. அதுக்கு டை ஊசி போடுவாங்க, அதனால கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரிப்போர்ட் எடுத்துட்டுப் போங்க, மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை சாப்பிடறதையும் அலர்ஜி இருந்தா அதையும் முன்னாடியே சொல்லிடுங்க.

எல்லாருக்கும் உடனே ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வெக்கற சின்ன வலைக்குழாய்) வேணாம். புகையை விட்டுட்டு, மாத்திரையோட தினம் வலி வர்ற வரைக்கும் நடந்து, நின்னு, திரும்ப நடந்தாலே நிறைய பேருக்கு நல்லா முன்னேற்றம் தெரியும். அப்படியும் முடியலன்னாதான் தொடையிடுக்குல மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிசு கம்பியை அடைப்பைத் தாண்டி விட்டு, பலூனை ஊதி விரிச்சு ஸ்டென்ட் வெப்பாங்க, பெரிய கிழிப்பு இல்லாமலே பெரும்பாலும் முடிஞ்சிடும். ரொம்ப நீளமான அடைப்புன்னா சிலருக்கு, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாத்து வழி வெக்கற பைபாஸ் ஆபரேஷன் தேவைப்படும். முதல்வர் காப்பீட்டு கார்டு இருந்தா அட்மிஷனுக்கு முன்னாடியே கவுன்ட்டர்ல கேட்டுடுங்க.

முடிஞ்சதும் சில மணி நேரம் அந்தக் காலை மடக்காம படுக்கணும். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ ரத்தம் வந்தாலோ அங்க நல்லா அழுத்திப் புடிச்சு நர்ஸைக் கூப்பிடுங்க. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாது.

திடீர்னு கால் சில்லுன்னு வெளுத்து, மரத்து, விரலை அசைக்க முடியலன்னா சுடுதண்ணி ஒத்தடம் குடுக்காதீங்க, விடியட்டும்னும் காத்திருக்காதீங்க, நேரமாக ஆக காலே போயிடலாம், ராத்திரியா இருந்தாலும் 108க்கு போன் போட்டு சேலத்துக்கு இறங்கிடுங்க.